ஆஜர் ஆகாத கால்

சீனாக்காரன் இமயமலையைத் தாண்டி இறங்கினான். அதனால் விஸ்வநத்தத்து அய்யாதுரை விருதுநகரில் அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அய்யாதுரைக்கு விளங்கவில்லை. பி.காம். கடைசி வருஷம் படிக்கிறவன், கணக்கில் கெட்டிக்காரன், இருந்தும் இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. கல்லூரி முதல்வர் எல்லோரையும் மைதானத்தில் உட்கார வைத்து விளக்கினார்.

"மாணவ மணிகளே! தாய்நாடு அழைக்கிறது. விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றுதான் முதலில் அறிவித்தோம். ஒருவரும் வரவில்லை. உங்களுக்குள் உறங்கிக் கிடக்கும் விருப்பத்தை வெளியே கொண்டுவருவதற்காகவே இப்போது கட்டாயமாக்கியிருக்கிறோம். முக்கால்வாசி அணிவகுப்புக்கு வராதவனுக்குப் பரீட்சை எழுத அனுமதிச் சீட்டு கிடையாது. நாட்டுக்காக உயிரைக் கொடுக்க எனக்கும் ஆசைதான். வயதாகிவிட்டது. ஆகையால் உங்களைக் கொடுக்கிறேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாதவர்கள் யார் என்று பின்னால் நின்று ஒரு வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படைக்கு சர்க்கார் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. பையன்கள் அதற்கு 'கட்டாயம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னைக்குக் கட்டாயம் உண்டாலே?" என்று கேட்பார்கள். வாரத்தில் மூன்று நாள் உண்டு.

படைக்கு லெப்டினன்ட் சங்கரபாண்டியன். நேற்று வரை தர்க்கவியல் விரிவுரையாளர். தீபாவளிக்கு ஊர்ப் பிள்ளைகள் ஊசிவெடி கொளுத்தினாலே காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிற மனிதர். அவர் மேஜையில்தான் நியமன உத்தரவு வந்து விழுந்தது, ஏனென்றால் அன்றைக்கு மற்ற விரிவுரையாளர்கள் எல்லோரும் லீவு. அவருக்குக் கீழே பயிற்சி கொடுக்க ஹவில்தார் உக்கிரபாண்டி. பர்மா யுத்தத்தில் இருந்தவர். அங்கே சமையல் பிரிவில் வெங்காயம் உரித்தார் என்பதை அவர் சொல்ல மாட்டார். மீசை மட்டும் பீரங்கிப் படையில் இருந்தவருடைய மீசை.

முதல் நாள் உடுப்பு கொடுத்தார்கள். அய்யாதுரையின் சட்டையில் இரண்டு அய்யாதுரை போகலாம். அதை அவன் பொருட்படுத்தவில்லை. பூட்ஸைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அவனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. அடியில் வரிசையாக ஆணி அடித்திருந்தது. குதிகாலில் லாடம்.

"என்னலே, பூரானைக் கண்ட மாதிரி பாக்கே?" என்றார் உக்கிரபாண்டி.

"இரும்பு இருக்குய்யா."

"பிறகு, கருப்பட்டியா வச்சுத் தைப்பான்? போடுலே."

அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. அவன் அப்பா தங்கச்சாமி விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துச் செட்டு மேஸ்திரி. வெடிக்குள் போகும் மருந்தைக் கலக்கிற இடம் அது. அங்கே இரும்பு ஆகாது. பெண்கள் கொண்டை ஊசியைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். செருப்பு கிடையாது. ஓடக்கூடாது. எதையும் கீழே போடக்கூடாது, தூங்குகிற பிள்ளையைப் போல இறக்கி வைக்க வேண்டும். முக்கியமாகக் காலை ஓங்கி மிதிக்கக்கூடாது. அய்யாதுரை நாலு வயதில் செட்டு வாசலில் குதிரை விளையாட்டு விளையாடி, ஒரு மிதி மிதித்தான். அதுவரை பிள்ளை மேல் கைவைத்தறியாத தங்கச்சாமி அன்றைக்கு வைத்தார். இடது கையால்தான் அடித்தார். அந்தக் கையில் மூன்று விரல்தான் உண்டு, மற்ற இரண்டும் முந்தின வருஷம் செட்டோடு போய்விட்டன. அந்த அடி போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அய்யாதுரை நடந்தால் பூனைக்குக்கூடத் தெரியாது.

லீவு நாட்களில் அவனும் அந்தச் செட்டில்தான் வேலை பார்த்தான். பி.காம். முடித்துவிட்டால் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் கணக்குப்பிள்ளை வேலைக்குச் சொல்லி வைத்திருந்தது. பிறகு மருந்துப் பக்கமே வர வேண்டாம். தங்கச்சாமி சாமி கும்பிட்டால் அதைத்தான் கேட்பார், வேறொன்றும் கேட்பதில்லை.

இப்பேர்ப்பட்ட காலை வைத்துக்கொண்டு அவன் அணிவகுப்பில் நின்றான்.

"சாவ்தான்!" என்று உக்கிரபாண்டி இந்தியில் கத்தினார், விறைத்து நில் என்று அர்த்தம். முழங்காலை இடுப்பு வரை தூக்கி, ஓங்கி மிதிக்க வேண்டும். நானூறு கால்கள் 'டம்' என்று விழுந்தன. அய்யாதுரையின் காலும் கம்பீரமாகத்தான் மேலே போனது. அதே வேகத்தில் இறங்கவும் செய்தது. தரைக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது தானாக நின்று, பிறகு மெல்ல, மிக மெல்ல, சரளைக் கல்லின் மேல் உட்கார்ந்தது.

உக்கிரபாண்டிக்கு முதலில் என்ன குறை என்று தெரியவில்லை. மறுபடி கத்தினார். மறுபடி காலைப் பார்த்தார்.

"ஏலே, காலை மிதிக்கச் சொன்னா முட்டை மேல வைக்கிற மாதிரி வைக்கே? சத்தம் எங்கலே?"

"வரமாட்டேங்குதுய்யா."

"சத்தந்தாம்லே பட்டாளம்! சத்தத்தை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? சட்டைதான் இருக்கு!"

தன்னை அறியாமல் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

இது இப்படியே வெறும் கிண்டலோடு போயிருக்கும். ஆனால் அந்தச் சமயம் பார்த்து வருகைப் பதிவில் ஒரு மோசடி கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று பக்கத்தில் நிற்பவன் சொல்லிவிடுகிறான். ஒரு நாள் நூறு பேர் நின்ற இடத்தில் இருநூறு பேர் "உள்ளேன்" சொன்னார்கள். லெப்டினன்ட் சங்கரபாண்டியன் ஒரு வாரம் யோசித்து ஒரு விதி செய்தார்.

"புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. அதுபோல, காலடிச் சத்தம் உள்ள இடத்தில் ஆள் உண்டு. வாயால் இன்னொருவனுக்காகப் பொய் சொல்லலாம். காலால் சொல்ல முடியாது. ஆகவே இனிமேல் பெயர் கூப்பிட்டதும் ஒருவன் சாவ்தானில் நின்று ஓங்கி மிதிக்க வேண்டும். ஹவில்தார் முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முகதாட்சண்யம் கூடாதல்லவா? சத்தம் கேட்டால் வந்தான். கேட்காவிட்டால் வரவில்லை. இதில் படைவீரன் முதல் தளபதி வரை பாகுபாடு கிடையாது."

அன்றிலிருந்து அய்யாதுரை கட்டாயத்துக்கு வருவது நின்றுபோயிற்று. விடியற்காலையில் எழுந்து, பூட்ஸுக்கு மெருகு போட்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து வரிசையில் நிற்பான். "அய்யாதுரை!" என்பார் உக்கிரபாண்டி. கால் மேலே போய்க் கீழே வரும். உக்கிரபாண்டி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். மைதானத்து ஓரத்தில் காக்கை கத்துவது கேட்கும். "வரலை," என்று எழுதிக்கொள்வார்.

அவன் லெப்டினன்டின் அறைக்குப் போய் முறையிட்டான்.

"சார், நான் தினமும் வாரேன் சார். முன்வரிசையில நிக்கேன். நீங்களே பாக்கிறீக."

"பார்த்தேன். நன்றாகவே நிற்கிறாய்."

"அப்ப வந்ததாத்தானே சார் அர்த்தம்?"

"நிற்பது வேறு, வந்திருப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நம் நாடு இருநூறு வருஷம் அடிமைப்பட்டுக் கிடந்தது. தம்பி, நீ இப்போதுகூட என் முன்னால் நிற்கிறாய். நீ உள்ளே வந்த சத்தம் எனக்குக் கேட்டதா? இல்லை. நான் உன்னை என்னவென்று எடுத்துக்கொள்வது?"

வராததற்குத் தண்டனையாக அவனுக்குச் சாயங்காலம் தனி அணிவகுப்பு போட்டார்கள். அதற்கும் அவன் வரவில்லை. வெயிலில் ஒற்றை ஆளாக மைதானத்தைச் சுற்றி முடித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். உக்கிரபாண்டி அவனைப் பார்த்துக்கொண்டே, "இதுக்கும் வரலையேலே," என்று வருத்தப்பட்டார். தனி அணிவகுப்புக்கு வராததற்கு இன்னொரு தனி அணிவகுப்பு உண்டு. அது விதி.

காலில் ஏதாவது கோளாறா என்று சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது. "கால் நன்றாக இருக்கிறது. சத்தத்தைப் பரிசோதிக்கும் வசதி இங்கே இல்லை, மதுரைக்குப் போக வேண்டும்," என்று எழுதிக் கொடுத்தார்.

இதற்குள் கல்லூரியிலிருந்து விஸ்வநத்தத்துக்கு ஒரு கடுதாசி போய்விட்டது. உங்கள் மகன் பயிற்சிக்கு வருவதே இல்லை, பரீட்சை எழுத முடியாது என்று. தங்கச்சாமி உடனே புறப்பட்டு வரச்சொல்லி ஆள் விட்டார். கட்டாயம் உள்ள நாள். போயே ஆக வேண்டும். கூடத் தங்கியிருந்த சோலைச்சாமி, சாத்தூர்ப் பக்கத்து சம்சாரி வீட்டுப் பிள்ளை, மிளகாய்க் காட்டில் வளர்ந்த கனத்த கால்காரன், "நீ போயிட்டு வா மாப்ளே, நான் பாத்துக்கிறேன்," என்றான். காலால் பொய் சொல்ல முடியாது என்பது தர்க்கவியலில் மட்டும்தான். அய்யாதுரையின் பெயர் கூப்பிட்டபோது சோலைச்சாமி மிதித்த மிதியில் உக்கிரபாண்டி கண்ணை மூடியபடியே பூரித்துப்போனார். "வந்துட்டாம்லே! அய்யாதுரை வந்துட்டான்!" என்றார்.

அய்யாதுரை அப்போது விஸ்வநத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான். கட்டாயத்தில் சேர்ந்தவன் வெளியூர் போனாலும் உடுப்போடுதான் போக வேண்டும் என்று ஒரு உத்தரவு இருந்தது. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வரும்போதே காவல்கார ராக்காயி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"ஏலே, எடுபட்ட பயலே! காலுல என்னலே அது? லாடமா? பட்டாளத்துக்குப் போனா புத்தியைப் பறிகொடுத்துட்டா வருவாக? அங்கனயே கழட்டு!"

கழற்றி வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு போனான். தங்கச்சாமி செட்டுக்கு வெளியே வந்து, கையைக் கழுவிவிட்டு, கடுதாசியை எடுத்தார்.

"ஒரு நாளும் போகலையாமே. எங்கலே சுத்துறே?"

"தினமும் போறேன்யா. மிதிச்சாத்தான் வந்ததா எழுதுவாகளாம். எனக்கு மிதிக்க வரலை."

நடந்ததை எல்லாம் சொன்னான்.

"நான் வேணும்னா மிதிச்சுப் பழகிருதேன்யா. சோலைச்சாமி சொல்லித்தாரேங்கான்."

"பழகிட்டு?"

"பரீட்சை எழுதலாம்."

"லீவுக்கு இங்கன வருவேல்ல? பழகுன காலு சும்மா இருக்குமாலே? செட்டுக்குள்ள நிக்கும்போது எவனாவது ஒருத்தன் வெளிய சத்தம் போட்டுக் கூப்பிட்டான்னு வையி. உன் காலு மிதிச்சிரும். உள்ள அன்னைக்கு எத்தனை பேரு இருப்பாகளோ." அவர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார். "பரீட்சை எழுதலைன்னா நீ செட்டுக்குத்தான் வரணும். செட்டுக்கு வாரவன் மிதிக்கக்கூடாது. மிதிக்கலைன்னா பரீட்சை இல்லை. எவம்லே இப்படி ஒரு முடிச்சைப் போட்டது?"

"எங்க லெப்டினன்ட் சார். தர்க்கவியல் படிச்சவரு."

"நல்லாப் படிச்சிருக்காரு," என்றார் தங்கச்சாமி. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மகனை இந்த வாசலிலிருந்து எப்படியாவது வெளியே அனுப்பிவிடலாம் என்று அத்தனை வருஷமாக இருந்தவர். "மிதிக்க மட்டும் பழகாதே. மத்ததை அந்தக் காளியாத்தா பாத்துக்குவா."

காளியாத்தா பார்த்துக்கொண்டாளோ என்னவோ, அடுத்த மாதம் கர்னல் வருவதாகத் தகவல் வந்தது. வருஷாந்திர ஆய்வு. அணிவகுப்பு மரியாதை, அப்புறம் ஒரு போர் ஒத்திகை. மைதானத்துக் கோடியில் இருந்த மண்மேட்டை இமயமலை என்று வைத்துக்கொண்டு, அதைச் சீனாக்காரனிடமிருந்து பிடிக்க வேண்டும். சீனாக்காரர்களாக முதல் வருஷப் பையன்கள்.

எல்லாம் தயார். துப்பாக்கிதான் கட்டைத் துப்பாக்கி. தோட்டா கேட்டு எழுதிய கடிதத்துக்கு, துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டுப் பதில் வந்தது. துப்பாக்கி கேட்டு எழுதியதற்கு, தோட்டா உள்ளவர்களுக்கே துப்பாக்கி தரப்படும் என்று வந்தது. சத்தமில்லாமல் எப்படி யுத்தம் நடத்துவது? லெப்டினன்ட் அய்யாதுரையை அழைத்தார்.

"உன் ஊரில் வெடி செய்கிறார்களாமே?"

"ஆமா சார்."

"நாட்டுக்குச் சத்தம் தேவைப்படுகிறது. நீ கொண்டுவந்தால், உன் வருகை விஷயம் அனுதாபத்தோடு பரிசீலிக்கப்படும். பரிசீலனையின் முடிவு எப்படியிருக்கும் என்று நான் சொல்ல முடியாது. அனுதாபத்தை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்."

தங்கச்சாமி ஒரு பெட்டி நிறைய வெடி வாங்கிக் கொடுத்துவிட்டார். வெட்டவெளியில் வைத்து ஒவ்வொன்றாகக் கொளுத்த வேண்டும், எந்தக் காரணம் கொண்டும் பிரிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அய்யாதுரை அதை அப்படியே உக்கிரபாண்டியிடம் சொன்னான். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"யாருகிட்டலே சொல்றே? பர்மாவுல எத்தனை குண்டு பாத்திருப்பேன்? போலே, போயி ஓரமா நில்லு."

ஆய்வு நாள் காலையில் உக்கிரபாண்டி அந்த வெடிகளை எடுத்துப் பார்த்தார். சின்னச் சின்னதாக இருந்தன. கர்னலுக்கு ஒரு காது மந்தம் என்று கேள்வி. இது எடுபடாது என்று அவருக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் ஒரே பெரிய குண்டு ஆகுமே! கொடிமேடையின் கல்தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெங்காயம் உரித்த அனுபவத்தில் ஒவ்வொன்றாக உரித்து, மருந்தை ஒரு பழைய பிஸ்கோத்துத் தகரத்தில் கொட்டிக்கொண்டார். கைக்குள் அடங்கியது தகரத்துக்குள் போனது. அடங்காதது மேடை முழுக்கச் சிதறியது. தகரத்தை மண்மேட்டுக்குக் கொண்டுபோவதற்குள் கர்னலின் ஜீப் வந்துவிட்டது, சொன்ன நேரத்துக்கு முன்பே. தகரத்தை மாலை போட்டு வைத்திருந்த மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, அவர் விறைப்பாக நின்றுகொண்டார்.

அய்யாதுரைக்கு அன்றைக்கு வரிசையில் இடம் இல்லை. இதுவரை வராதவன் இன்றைக்கு மட்டும் எப்படி நிற்பது? அவனை மேடைக்குப் பின்னால், வெறுங்காலோடு, கையில் புகைகிற கயிற்றைக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கொடி அசைந்ததும் ஓடிப்போய் வெடியைக் கொளுத்த வேண்டும்.

கர்னல் மேடையேறிப் பேச ஆரம்பித்தார்.

"யங் மென்! சோல்ஜருக்கு பயம் கூடாது. நான் பயந்ததே இல்லை. என் சர்வீஸ் பூரா சப்ளை டிப்போவில். ஒரு கம்பளி மூட்டை சரிந்து என் பக்கத்தில் விழுந்தது. நகரவில்லை! குண்டு காலுக்குக் கீழே வெடித்தாலும் நகரக்கூடாது. நகருகிறவன் சோல்ஜர் அல்ல!"

இந்த இடத்தில் காற்று கொஞ்சம் அடித்தது. மேடை ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு தூசி அய்யாதுரையின் மூக்குக்கு வந்தது. பிறந்ததிலிருந்து அவன் சுவாசித்த வாசனை. எட்டிப் பார்த்தான். கல்தளம் முழுக்க மருந்து. அதன் மேல் கர்னல், லெப்டினன்ட், ஹவில்தார் மூவருடைய ஆணி வைத்த பூட்ஸுகள். மேஜைக்கடியில் தகரம். தன் கையில் நெருப்பு.

அவன் முதலில் அந்தக் கயிற்றைக் கர்னல் குடிப்பதற்கு வைத்திருந்த தண்ணீர்ப் பானைக்குள் முக்கினான். அதற்குள் கர்னல், "ஜெய்ஹிந்த்!" என்று முழங்கி, மிதிப்பதற்காக முழங்காலை இடுப்பு வரை தூக்கிவிட்டார்.

"மிதிக்காதீக!"

அய்யாதுரைக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்கே அதுவரை தெரியாது. ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். கர்னல் ஒற்றைக்காலில் நின்றார்.

"எவம்லே கர்னல் சாப்புக்கே ஆர்டர் போடுதது?" என்று உக்கிரபாண்டி திரும்ப முயன்றார்.

"அசையாதீகய்யா! உங்க காலுக்குக் கீழே பாருங்க. அம்புட்டும் மருந்து. ஆணி உரசுனா மூணு பேரையும் கூட்டித்தான் அள்ளணும்!"

மூவரும் கீழே பார்த்தார்கள். அதற்கப்புறம் யாரும் நாட்டைப் பற்றிப் பேசவில்லை. லெப்டினன்ட் கண்ணை மூடிக்கொண்டார். ஒற்றைக்காலில் நின்ற கர்னல், "தம்பி," என்று ஈனஸ்வரத்தில் கூப்பிட்டார், "நான் நகரலாமா?"

"நகரவே கூடாதுய்யா. நீங்க சொன்னீகள்ல, அப்படியே நில்லுங்க."

தண்ணீர்ப் பானையில் சுற்றியிருந்த ஈரச் சாக்கை உருவிக்கொண்டு அவன் மேடையில் ஏறினான். அந்தக் கால் அதுவரை வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டுகளுக்கெல்லாம் காரணமான அதே நடையில், ஒரு துகள்கூட அழுந்தாமல் போய், அந்தரத்தில் நின்ற கர்னலின் பூட்ஸை முதலில் கழற்றினான். நடுங்குகிற அந்தப் பாதத்தைக் கையில் தாங்கி, ஈரச் சாக்கின் மேல் இறக்கி வைத்தான். அப்புறம் மற்றக் கால். அப்புறம் லெப்டினன்ட். உக்கிரபாண்டியின் காலுறையில் பெருவிரலுக்கு ஓட்டை இருந்தது. மூன்று அதிகாரிகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில், நுனிவிரலால் நடந்து மேடையை விட்டு இறங்கினார்கள்.

கீழே படை முழுவதும் விறைத்து நின்றது. "எல்லாரும் பூட்ஸைக் கழட்டிக் கையில எடுத்துக்கோங்க. மெதுவா புளியமரத்துக்குப் போங்க!" என்று அய்யாதுரை கத்தினான். அந்த வருஷத்தில் படைக்குப் புரிந்த முதல் உத்தரவு அது. நானூறு கால்கள் சந்தடியில்லாமல் நகர்ந்தன. சீனாக்காரர்களும் மண்மேட்டை விட்டிறங்கிக் கூடவே வந்துவிட்டார்கள்.

அய்யாதுரையும் சோலைச்சாமியும் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து மேடையை நனைத்துக்கொண்டிருந்த நேரத்தில், புளியமரத்தடியில் உக்கிரபாண்டி செய்வதறியாமல் நின்றார். என்ன செய்வதென்று தெரியாதபோது ஒரு ஹவில்தார் வருகைப் பதிவு எடுப்பார். முதுகைக் காட்டினார், கண்ணை மூடினார், கூப்பிட்டார். மிதிப்பதற்கு யார் காலிலும் பூட்ஸ் இல்லை, மிதிக்கிற தைரியமும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் காத்திருந்தார், "வரலை" என்று எழுதினார். லெப்டினன்டைக் கூப்பிட்டார். வரவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரியையும் சேர்க்க வேண்டும் என்பது விதி. கர்னலைக் கூப்பிட்டார். வரவில்லை. கடைசியில் தன் பெயரைத் தானே கூப்பிட்டு, தன் காலைக் கேட்டார். அதுவும் வரவில்லை. நேர்மையான மனிதர், எழுதிக்கொண்டார்.

"அய்யாதுரை!" என்றார். அவன் அங்கே இல்லை. ஆனால் உக்கிரபாண்டி கண்ணை மூடியபடியே தலையாட்டினார்.

"அவன் போட்ட சத்தம் இன்னும் காதுல கெடக்கு. வந்திருக்கான்."

அந்தப் பதிவு வழக்கம்போல மதுரைத் தலைமையகத்துக்குப் போனது. அங்கே யாரும் எதையும் படிப்பதில்லை என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். யாரோ படித்துவிட்டார்கள். கர்னல் நடத்திய ஆய்வுக்குக் கர்னல் ஏன் வரவில்லை? லெப்டினன்ட் ஏன் வரவில்லை? ஒரே ஒரு மாணவன் மட்டும் வந்த ஆய்வில் யார் யாரை ஆய்வு செய்தது? பதினைந்து நாளில் விளக்கம் தேவை.

கர்னல் விருதுநகருக்கே மறுபடி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு லெப்டினன்டோடு ஆலோசித்தார். வந்திருந்தோம் என்றால், சத்தமில்லாவிட்டாலும் ஆள் உண்டு என்று ஆகும். அப்படியானால் விதி தப்பு. விதி தப்பென்று ஒப்புக்கொள்ள ராணுவத்தில் படிவம் கிடையாது. சாயங்காலம் கர்னல் படையைக் கூட்டிப் பேசினார்.

"யங் மென்! அன்றைக்கு நடந்ததை விபத்து என்று சிலர் நினைக்கலாம். அது ஒத்திகை. சீனாக்காரன் காதில் விழாமல் நகருகிற புதிய நடையை நானும் லெப்டினன்டும் கண்டுபிடித்து, உங்களுக்குத் தெரியாமலே உங்களை வைத்துப் பரீட்சித்துப் பார்த்தோம். வெற்றி! இனிமேல் சத்தம் போடாதவனே வந்தவன். சத்தம் போட்டவன் வராதவன். இந்த உத்தரவு வருஷ ஆரம்பத்திலிருந்தே அமலில் இருந்ததாகக் கருதப்படும். ஹவில்தார் உக்கிரபாண்டிக்குப் பதக்கம் சிபாரிசு செய்கிறேன்!"

எல்லோரும் சத்தமில்லாமல் கைதட்டினார்கள்.

மறுநாள் லெப்டினன்ட் அய்யாதுரையைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"உன் வருகை பிரமாதம்! புதிய விதிப்படி பார்த்தால் உன்னைப் போல ஒழுங்காக வந்தவன் இந்தக் கல்லூரியிலேயே இல்லை. மற்றவர்களுக்கு மன்னிப்பு கொடுத்துத்தான் சீட்டு கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தா, அனுமதிச் சீட்டு. பரீட்சை எழுதலாம்."

அய்யாதுரை இரண்டு கையையும் நீட்டினான். வாங்கிக்கொண்டான்.

"இரண்டே நாள்தான் வரவில்லை. ஒருநாள் அநியாயத்துக்குச் சத்தமாக மிதித்திருக்கிறாய்." அது சோலைச்சாமியின் மிதி. அய்யாதுரை சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "அது போகட்டும். இன்னொரு நாள்தான் எனக்கு வருத்தம். ஆய்வு நாள். கர்னல் வந்திருந்தார், நான் வந்திருந்தேன், படையே வந்திருந்தது. நீ மட்டும் வரவில்லை. ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கிறது உன் சத்தம்."

"சார், அன்னைக்கு நான்தானே சார் உங்க பூட்ஸை..."

"எனக்கு ஞாபகம் இருக்கிறது. நன்றாகவே கழற்றினாய். ஆனால் வரவில்லை. காரணம் எழுதிக் கொடுத்துவிடு, கோப்பில் சேர்க்க வேண்டும். வயிற்றுவலி என்று எழுது. அதுதான் வழக்கம்."

அய்யாதுரை எழுதிக் கொடுத்தான்.

அனுமதிச் சீட்டோடு அன்றைக்கே ஊருக்குப் போனான். பூட்ஸை வேப்பமரத்தடியில் கழற்றி வைத்துவிட்டு, ராக்காயியைக் கூப்பிட்டுச் சொல்லி அப்பாவைச் செட்டுக்கு வெளியே வரச்செய்தான். தங்கச்சாமி சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மகன் பெயர் வரை படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு குனிந்து அவன் காலைப் பார்த்தார்.

"மிதிச்சியா?"

"இல்லைய்யா."

"பிறகு எப்படிலே குடுத்தாக?"

முழுக்கச் சொன்னான். கர்னல் ஒற்றைக்காலில் நின்றதைச் சொன்னான். காலுறை ஓட்டையைச் சொன்னான். புதிய நடையைக் கர்னல் கண்டுபிடித்ததைச் சொன்னான். கடைசியில், அன்றைக்குத் தான் வராமல் போனதற்கு வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்ததையும் சொன்னான்.

தங்கச்சாமிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. செட்டுக்குள்ளே பெண்கள் மருந்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கே நின்று சத்தம் போடக்கூடாது. மூன்று விரலால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கக் குலுங்க, ஆனால் காலை மெதுவாகவே எடுத்து வைத்து, கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, வேப்பமரத்தடி வரை நடந்தார். அங்கே அந்த ஆணி பூட்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, வாயிலிருந்து கையை எடுத்தார்.

ராக்காயி என்னமோ ஏதோ என்று கேட்டிலிருந்து ஓடிவந்தாள்.